ஏழாம் அத்தியாயம்: சேற்றில் அடைக்கலம்

மலைப்பாறை மணலாகி, மணல் வண்டலாகி, வண்டல் வயலாகும் நெடும்பயணத்தைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அந்தப் பயணத்தின் நடுவழியில், நம் காலத்து மனிதன் தன் கையாலேயே ஏற்றிவிட்ட ஒரு சுமையைப் பற்றி இப்போது பேச வேண்டியிருக்கிறது. அதற்கு உகந்த இடமாக, சென்னைக்கு வடக்கே ஆரணி ஆறு பாயும் திருவள்ளூர் மாவட்டத்துப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம்.

பட்டுச் சேலைக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி வேறு. நாம் சொல்லும் ஆரணி, அதே பெயர் கொண்ட ஆற்றின் கரையில், பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் இடையே அமைந்த சிற்றூர். ஆந்திரத்து மலைச்சரிவுகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் சற்றே தங்கி, ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டில் நுழைந்து, பெரியபாளையத்துப் பவானி அம்மன் கோயிலைத் தொட்டு ஓடி, ஆரணியையும் பொன்னேரியையும் கடந்து, கடைசியில் பழவேற்காட்டு ஏரியில் சங்கமமாகும் அந்த ஆறு, ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் வெறும் மணற்பரப்பாகவே கிடந்தாலும், வடகிழக்குப் பருவமழை பிறந்துவிட்டால் கரையோர ஊர்களைக் கதிகலங்க வைக்கும் வேகம் உடையது. அது போய்ச் சேரும் பழவேற்காடு, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், தென்கோடியும் அங்குள்ள முகத்துவாரமும் நம் பக்கத்தில் இருக்கின்றன.

ஆற்றின் இரு மருங்கிலும், ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழியும் உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும்படி, முன்னோர் சங்கிலியாகக் கோத்துவைத்த ஏரிகள் பல. கோடை வந்து இவை வற்றியதும், ஏரிக்குள் மாடுகள் மேயும்; ஓரத்து ஈரத்தில் பெண்கள் பொன்னாங்கண்ணியும் வள்ளைக்கீரையும் பறிப்பார்கள்; அந்நாளில் மாட்டுவண்டிகளும் இந்நாளில் டிராக்டர்களுமாக வரிசை கட்டி நின்று, ஏரி வண்டலை வெட்டி வயலுக்குக் கொண்டுபோவார்கள். ஏரியும் ஆழமாகும், வயலும் செழிக்கும் என்ற இரட்டைப் பயன் கருதி நம் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இந்தக் காரியத்தை விடச் சிக்கனமான உரமிடும் முறையை விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றே சொல்லலாம். ஏரியிலிருந்து வந்த மண் நல்ல மண்ணாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே அதன் அஸ்திவாரம். அந்த நம்பிக்கை இன்றும் செல்லுமா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

அழியாத பொருள்

ஆற்றுக்கு வடக்கே, சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிப் பரந்திருக்கிறது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகளும், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயத்தை மீட்கும் உலைகளும், ரசாயனத் தொழிற்சாலைகளும் அங்கே அடுத்தடுத்து இயங்குகின்றன. இவை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன என்பதையும், பழைய பேட்டரியைக் குப்பையில் எறிவதைவிட அதிலுள்ள ஈயத்தை மீட்பதே உலகத்துக்கு நன்மை என்பதையும் மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. ஆனால் உலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு போக்கிடம் உண்டு. அந்தப் போக்கிடத்தைத் தேடிச் செல்வது நம் கடமை.

நீரைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் அடர்த்தியுள்ள உலோகங்களைக் கன உலோகங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். காட்மியம் நீரைப் போல் எட்டரை மடங்குக்கும் அதிகம். ஈயம் பதினொரு மடங்குக்கும் அதிகம். பாதரசம் பதின்மூன்றரை மடங்குக்கும் அதிகம். துத்தநாகமும் செம்பும் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே ஆயினும், அவை சிறு அளவில் பயிருக்கும் நமக்கும் இன்றியமையாதவை. ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் பாதரசத்துக்கும் மனித உடலில் எந்த வேலையும் கிடையாது.

ஒரு லாரி பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். மீதியில் ஒரு பங்கு கந்தகத் திராவகம். பேட்டரியை உடைத்து, திராவகத்தை வடித்து, தகடுகளை உலையிலிட்டால் ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. சூடு மேலும் ஏறும்போது ஆவியாக எழும்பி, குளிர்ந்த காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத நுண்பொடியாக உறைகிறது. துத்தநாக முலாம் பூசிய பழைய தகரத்தை இரும்பு உலையில் போட்டாலும் கதை ஏறக்குறைய இதுதான்: இரும்பு உருகும் சூட்டுக்கு வெகு முன்பே, 907 டிகிரியில், துத்தநாகம் கொதித்துப் புகையாகிவிடுகிறது; அந்தப் புகையோடு சிறிது ஈயமும் காட்மியமும் கூடச் செல்கின்றன. புகையை வடிகட்டும் துணிப்பைகள் ஒழுங்காக இயங்கினால் இந்தப் பொடி பையில் தங்கும். பை கிழிந்தாலோ, இரவில் நிறுத்திவைக்கப்பட்டாலோ, அது கூரைமேலும் சாலைமேலும் ஏரியின் நீர்ப்பிடிப்பு மேட்டின்மேலும் விழும். பிறகு முதல் மழை அதைக் கூட்டிப் பெருக்கி ஓடையில் சேர்த்துவிடும். நிலமோ கிழக்கே சரிந்து ஏரிகளையும், அவற்றுக்கப்பால் பழவேற்காட்டையும் நோக்கி இறங்குகிறது.

இங்கே வாசகர் ஓர் உண்மையை மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஊர்ச் சாக்கடை ஏரியில் கலந்தால், எவ்வளவு அருவருப்பானதாயினும், நுண்ணுயிர்கள் அதைச் சிறுகச் சிறுகத் தின்று முடித்துவிடும். பூச்சிமருந்துகூடக் காலப்போக்கில் சிதைந்து வேறு பொருளாகும். ஈயமோ ஒரு மூலகம். அதை எரித்தால் ஈயப் புகை, கரைத்தால் ஈய உப்பு, புதைத்தால் ஈய மண். எந்தக் கிருமியாலும், எந்த நெருப்பாலும், எத்தனை நூற்றாண்டாலும் அதை ஈயமல்லாத ஒன்றாக மாற்ற முடியாது. ஏரிக்குள் வந்த கன உலோகத்துக்கு அழிவு கிடையாது. இடமாற்றம் மட்டுமே உண்டு.

கருஞ்சேற்றின் ரசாயனம்

ஒரு முழ நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயை எடுத்து, நீர் தேங்கிய ஏரியோரத்தில் செங்குத்தாக அமுக்கி, மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு மெல்ல உருவினால், ஏரியின் அடிமண் ஒரு நீண்ட கட்டியாகக் குழாயோடு வரும். அதை ஒரு பலகைமேல் தள்ளிப் பார்த்தால், உச்சியில் விரற்கடை கூட இல்லாத ஒரு பழுப்பு நிறப் படலம். அதற்குக் கீழே, முழுவதும் மையைப் போன்ற கறுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று எழும். பலகையை வெயிலில் வைத்தால், கறுப்புச் சேறு காற்றுப் பட்ட இடமெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகப் பழுப்பாக மாறுவதைக் கண்ணாலேயே காணலாம். கன உலோகத்தின் வரலாறு முழுவதும் இந்த நிறமாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

நீருக்குள் பிராணவாயு பரவும் வேகம், காற்றில் அது பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே மூழ்கிய மண்ணில் மேற்படலத்துக்குக் கீழே பிராணவாயு அற்றுப்போகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக, நீரில் கரைந்துள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து, அதைச் சல்பைடாக மாற்றுகின்றன. அந்தச் சல்பைடின் வாசனைதான் அழுகிய முட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்த சேர்க்கைதான் அந்தக் கறுப்பு. ஈயமும் காட்மியமும் துத்தநாகமும் இதே சல்பைடை நாடி ஒட்டிக்கொண்டு, நீரில் ஏறக்குறைய கரையவே கரையாத பொருள்களாகச் சேற்றில் படிந்துவிடுகின்றன. களிமண் துகளின் மின்னூட்டமும், மட்கிய இலைதழைகளின் பிடிப்பும் இந்தக் காவலுக்குத் துணை நிற்கின்றன. சாயப்பட்டறையிலும் தோல் தொழிலிலும் பேசப்படும் குரோமியம்கூட, ஆறு வலுவெண் கொண்ட கொடிய வடிவத்தில் உள்ளே வந்தால், இந்தச் சேற்றில் மூன்று வலுவெண் கொண்ட, கரைதிறன் குன்றிய வடிவமாக அடங்கிவிடுகிறது. வந்த விஷத்தையெல்லாம் வாங்கித் தன் மடியில் முடிந்துகொண்டு, மேலே தெளிந்த நீரைத் தருவது ஈரநிலத்தின் இயற்கை.

ஆனால் அடைக்கலம் வேறு, அழிவு வேறு. இந்தக் காவல், நீர் மூடியிருக்கும் வரைதான். கோடையில் ஏரி வற்றி, அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும்போது, அந்த வெடிப்புகளின் வழியே காற்று உள்ளே இறங்குகிறது. பலகைமேல் நாம் கண்ட நிறமாற்றம் ஏரி முழுவதும் நிகழ்கிறது. சல்பைடு மறுபடி சல்பேட்டாகி, கந்தகத் திராவகம் சுரக்கிறது. முடிச்சு அவிழ்ந்து, உலோகம் கரையக்கூடிய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த மழையின் முதல் நீர் அதைக் கரைத்துக்கொண்டு நகரும். வண்டலை வெட்டி வயலில் பரப்புவதும், ரசாயனக் கண்கொண்டு பார்த்தால், ஏரி ஒரு கோடையில் மெல்லச் செய்வதை ஒரே நாளில் செய்துமுடிப்பதே ஆகும்.

பழவேற்காட்டை அடைந்தபின் இன்னொரு சூட்சுமம் சேர்கிறது. ஆற்றுநீர் குறைந்த கோடையில் அந்த ஏரியின் உப்பு ஏறுகிறது. உப்பிலுள்ள குளோரைடு, மண்துகளில் ஒட்டியிருக்கும் காட்மியத்தைத் தன்பால் இழுத்து, நீரோடு செல்லும் சேர்மமாக்கிவிடுகிறது. நன்னீர் ஏரியில் அடங்கிக் கிடந்த காட்மியம், உவர்நீரில் எழுந்து நடமாடத் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. பாதரசத்தின் விஷயம் இன்னும் விபரீதம்: மற்ற உலோகங்களுக்குக் காவலாய் நிற்கும் அதே சல்பேட் பாக்டீரியாக்கள்தாம், பாதரசத்தை மீதைல் பாதரசம் என்னும் கொடிய வடிவமாக மாற்றி, மீனின் தசைக்குள் செல்ல வழி திறந்துவிடுகின்றன. பழவேற்காட்டு நீரிலும், அடிமண்ணிலும், உல்வா என்னும் பச்சைக் கடற்பாசியிலும் காட்மியம், குரோமியம், ஈயம் மூன்றையும் அளந்து 2008-ல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பிறகு, அங்கே கன உலோகம் இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. எங்கே, எவ்வளவு, எந்தப் பருவத்தில் என்பவையே கேள்விகள்.

வேரின் வாசல்

ஏரியோரத்துச் சம்பை ஒரு கைப்பிடி பிடுங்கி, சேற்றை அலசிவிட்டுப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் துருப்பிடித்த ஆணிகளைப் போலச் செம்பழுப்பாக இருக்கக் காணலாம். அது உண்மையாகவே துருதான். சம்பின் தண்டைக் குறுக்கே அறுத்தால் உள்ளே பஞ்சுபோல் காற்றறைகள் தெரியும். இலை வாங்கிய பிராணவாயு அந்த அறைகளின் வழியே வேர்நுனிவரை இறங்கி, வெளியே சிறிது கசிகிறது. மூச்சற்ற கருஞ்சேற்றின் நடுவே வேரைச் சுற்றி மட்டும் காற்றுள்ள ஒரு மெல்லிய உறை உண்டாகி, சேற்றிலுள்ள இரும்பு அந்த உறையில் துருவாகப் படிகிறது. அந்தத் துருப்படலம் ஆர்சனிக்கையும் ஈயத்தையும் பிடித்து நிறுத்தி, வேருக்கு ஒரு கவசமாகிறது.

எனினும் வேர் முற்றிலும் மூடிய கதவன்று. கால்சியத்தையும் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் உள்ளே அனுமதிக்க வேர்ச்சுவரில் வாசல்கள் உண்டு. காட்மியம் மாங்கனீசின் வேடத்திலும், ஈயம் கால்சியத்தின் வேடத்திலும் அந்த வாசல்களில் நுழைந்துவிடுகின்றன. நுழைந்த பகைவனைத் தாவரமும் சும்மா விடுவதில்லை. கந்தகம் நிறைந்த சிறு புரதச் சங்கிலிகளை உடனே உண்டாக்கி, உலோகத்தை விலங்கிட்டு, செல்லின் கிடங்கறைக்குள் தள்ளி அடைக்கிறது. 1985-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்துப் பைட்டோகெலட்டின் என்று பெயரிட்ட பொருள்கள் இவையே. சம்பும் நாணலும் பெரும்பாலான உலோகத்தை வேரிலேயே நிறுத்திக்கொண்டு, இலைக்குக் கொஞ்சமே விடுகின்றன. பழவேற்காட்டுக் கரையில் ஆங்காங்கே நிற்கும் வெண்கண்டல், இலையின் உப்புச் சுரப்பிகள் வழியே செம்பையும் துத்தநாகத்தையும்கூட ஓரளவு வெளியேற்றிவிடுகிறது. உவர்மண்ணில் படரும் வங்காரவாசியோ, காட்மியத்தை இலைவரைக்கும் ஏற்றிச் சேர்த்துக்கொள்ளும் தன்மையுடையது என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன.

கீரையின் சுபாவம் வேறு. விரைந்து வளர்ந்து, நீரை மிகுதியாக உறிஞ்சி, எல்லாவற்றையும் இலைக்கே அனுப்பும் வள்ளையையும் பொன்னாங்கண்ணியையும் நாம் இலைக்காகவே உண்கிறோம். ஆகவே கெட்டுப்போன ஏரியிலிருந்து மனிதன் வாய்க்கு வரும் மிகக் குறுகிய வழி அதுவாகிறது. நெல்லின் கதை மேலும் சிந்திக்கத்தக்கது. வயலில் நீர் நிற்கும் வரை காட்மியம் சல்பைடாக அடங்கியிருக்கும். அறுவடைக்கு முன் நீரை வடித்துவிட்டால், கதிர் பால் பிடிக்கும் அந்தத் தருணத்திலேயே காட்மியம் அவிழ்ந்து மணிக்குள் ஏறும். ஆர்சனிக்கோ நேர்மாறாக, நீர் நின்றால் ஏறும், காய்ந்தால் அடங்கும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு உணவாகிறபடியால், எந்த உலோகம் மண்ணில் இருக்கிறது என்று தெரியாமல் எந்த யோசனையும் சொல்வதற்கில்லை.

பிற தேசங்கள் கற்ற பாடம்

ஜப்பானில் தோயாமா மாகாணத்தில் ஜின்சூ என்றோர் ஆறு. அதன் தலைப்பில் இருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவில் காட்மியம் கலந்து, ஆற்றுநீரோடு வயல்களில் பாய்ந்து, அரிசியில் ஏறி, பல்லாண்டு அதை உண்ட பெண்களின் எலும்புகளை நொறுங்கச் செய்தது. இருமினாலே எலும்பு முறியும் நிலையில் அவர்கள் அரற்றிய சொல்லே நோயின் பெயராயிற்று: இதாய்-இதாய், அதாவது ‘வலிக்கிறதே, வலிக்கிறதே’. தொழிற்சாலைக் கழிவால் வந்த நோய் என்று ஜப்பானிய அரசு 1968-ல் அதை ஒப்புக்கொண்டது. கெட்டுப்போன வயல்களின் மேல்மண்ணை மாற்றும் பணி 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. ஒரு சுரங்கம் கெடுத்த நிலத்தைச் சீராக்க முப்பத்துமூன்று ஆண்டுகள்!

ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், தலைநகரை ஒட்டிய தியாரோய் என்னும் ஊரில், பழைய பேட்டரி உடைக்கப்பட்ட மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கிய குடும்பங்களில், 2007-ஆம் ஆண்டின் கடைசியிலும் 2008-ன் தொடக்கத்திலுமாகப் பதினெட்டுக் குழந்தைகள் மாண்டன. குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட அதிகமாக ஈயத்தை உறிஞ்சுவதோடு, அது வளரும் மூளையைத் தாக்குகிறது. இரத்தத்தில் இத்தனை வரை ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. கால்சியமாக வேடமிட்ட ஈயம் எலும்பில் பல பத்தாண்டு தங்கும். கருவுற்ற தாய் தன் எலும்பின் கால்சியத்தைக் கருவுக்கு வழங்கும்போது, சிறுவயதில் சேர்ந்த ஈயமும் அதோடு இறங்கும்.

நம் மாநிலத்திலும் பாடங்கள் உண்டு. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஏரிநீரிலும் மீனிலும் கண்டறியப்பட்டது. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் நின்றுபோன ஒரு குரோமேட் ஆலையின் கழிவுமேடு, ஒரு லட்சம் டன்னுக்கும் மேலாகக் குவிந்து, ஆலை நின்றபின்பும் நிலத்தடி நீருக்கு ஆபத்தாகவே இருந்தது. பாலாற்றுப் படுகையின் தோல் தொழில் வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற தத்துவத்தை நம் உச்ச நீதிமன்றம் 1996-ல் உறுதிப்படுத்தியது. ஆலை மூடப்படலாம், உடைமையாளர் மாறலாம், வழக்கும் முடியலாம். உலோகம் மட்டும் கிடந்த இடத்தில் கிடக்கும்.

பன்னிரண்டும் இரண்டும்

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆரணிப் பக்கத்து ஏரிகள் அனைத்தும் நஞ்சாகிவிட்டன என்று யாரும் முடிவுகட்டலாகாது. அப்படி முடிவுகட்டுவது விஞ்ஞானமாகாது. நூற்றுக்கணக்கான குடியானவர்களுக்கு இழைக்கும் அநியாயமும் ஆகும். உலைகளின் காற்று வீசும் திசையிலும், அவற்றின் ஓடை சேரும் இடத்திலும் உள்ள ஏரி ஒன்று கெட்டிருக்கலாம். அடுத்த ஓடையில் உள்ள ஏரி தூய்மையாக இருக்கலாம். கண்ணால் பார்த்தோ, முகர்ந்தோ, நாக்கில் வைத்தோ இதை அறிய முடியாது. அளந்தே அறிய வேண்டும்.

அளக்கும் வழி நம் கையில் இருக்கிறது. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் ஒவ்வொரு வயலின் மண்ணுக்கும் பன்னிரண்டு விவரங்கள் தரப்படுகின்றன: கார அமிலத் தன்மை, உப்பு, கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். பயிருக்கு எது குறைகிறது என்று சொல்லும் அட்டை அது; எது மிகுந்து கெடுக்கிறது என்று அது சொல்வதில்லை. ஈயமும் காட்மியமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் துத்தநாகத்தையும் செம்பையும் அளக்க மண்ணிலிருந்து எந்தக் கரைசலை வடித்தெடுக்கிறார்களோ, அதே கரைசலில், அதே அணு உறிஞ்சல் கருவியில், விளக்கை மட்டும் மாற்றிவைத்தால் ஈயத்தையும் காட்மியத்தையும் அளந்துவிடலாம். புதிய ஆய்வுக்கூடமோ, புதிய ஞானமோ தேவையில்லை. செய்ய வேண்டும் என்ற சங்கற்பம் மட்டுமே தேவை.

குடியானவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி வண்டலையும் களிமண்ணையும் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. 2024-லிருந்து வட்டாட்சியரிடமே அந்த அனுமதியைப் பெறலாம். நல்ல ஏற்பாடு. தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஏரிகளில் மட்டுமாவது, அந்த அனுமதிச் சீட்டோடு ஈயம், காட்மியம் இரண்டின் அளவையும் சேர்த்துத் தரும்படி விதித்தால் போதும். வண்டல் வயலுக்கு ஏறும் முன்பே உண்மை வெளிப்படும். கெட்டது என்று தெரிந்த ஏரியில் வண்டலை அள்ளாமல், கூடியவரை நீர் வற்றாமல் காத்து, கரையில் சம்பையும் கோரையையும் வளரவிட்டு, அங்கே கீரை பறிப்பதையும் மாடு மேய்ப்பதையும் நிறுத்துவது முதல் சிகிச்சை. உலையின் புகைப்போக்கியில் துணிப்பை இரவும் பகலும் இயங்குகிறதா என்று கண்காணிப்பதே நிரந்தர சிகிச்சை. ஏனெனில் ஏரிக்குள் வந்துவிட்ட ஈயத்தை வெளியேற்ற முப்பது ஆண்டு ஆகலாம், வராமல் தடுக்கப் பத்து முழத் துணி போதும்.

தெர்வாய் கண்டிகையை ஒட்டி 2020-ல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்திலிருந்து இதே பிரதேசத்தின் மழைநீர் சென்னைக்குக் குடிநீராகச் செல்கிறது. ஆகவே இது கும்மிடிப்பூண்டி, ஆரணி, பொன்னேரிக் கிராமங்களின் விவகாரம் மட்டும் என்று பட்டணத்து வாசகர் ஒதுங்கிவிட முடியாது. மண்வள அட்டையின் பன்னிரண்டு வரிகளோடு இன்னும் இரண்டு வரிகள் சேரட்டும் என்று அந்த ஊர்ச் சபைகள் தீர்மானம் போட வேண்டும். அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றும்படி நகரத்தில் இருப்பவர்கள் வற்புறுத்த வேண்டும். வரும் கோடையில் வண்டி ஏரிக்குள் இறங்கும் முன்பே இது நடந்தாக வேண்டும்.